எட்டு நாள் முன்பு நடந்த ஒத்திகை: உனோசுமாய் பள்ளிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மார்ச் 3ஆம் தேதி, ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இருக்கும் காமாயிஷி நகரில் சுனாமி ஒத்திகை நடந்தது. 1933இல் அதே மார்ச் 3 அன்றுதான் கடல் ஏறி வந்து அந்தக் கரையில் சுமார் 3,000 பேரைக் கொண்டுபோனது. அந்த நாளை ஒட்டி ஒத்திகை வைப்பது அங்கே வழக்கம். நகரின் வடபகுதியான உனோசுமாயில் மக்கள் தங்கள் வட்டாரப் பேரிடர் தடுப்பு மையத்தில் போய்க் கூடினார்கள். ஓராண்டுக்கு முன்புதான் திறந்த இரண்டு மாடிக் கட்டடம் அது. வயதானவர்களும் சிரமமில்லாமல் நடந்து வந்து சேர்ந்தார்கள். ஒத்திகை நல்லபடியாக முடிந்தது.

எட்டு நாள் கழித்து, மார்ச் 11 பிற்பகல் 2:46 மணிக்கு, 9.0 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. உனோசுமாய் மக்களில் பலர், பழகிய வழியிலேயே, அதே கட்டடத்துக்குப் போனார்கள். தண்ணீர் இரண்டாம் மாடிக் கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறியது. உள்ளே இருந்தவர்களில் சுமார் 160 பேர் இறந்திருக்கலாம் என்று பிறகு நடந்த விசாரணை மதிப்பிட்டது. பிழைத்தவர்கள் சில பத்துப் பேர்தான்.

அதே உனோசுமாயில், கடலுக்கு இன்னும் நெருக்கமாக, அடுத்தடுத்து இரண்டு பள்ளிகள் இருந்தன: உனோசுமாய் தொடக்கப் பள்ளி, காமாயிஷி கிழக்கு நடுநிலைப் பள்ளி. இரண்டிலும் சேர்த்து அறுநூறுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். அன்று பள்ளியின் பொறுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

ஊர் ஒன்று, கடல் ஒன்று, எச்சரிக்கையும் ஒன்று. இரு பக்கமும் ஒத்திகை பார்த்தவர்கள்தான். ஒத்திகை நடத்தினால் உயிர் பிழைக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உனோசுமாயில் நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒத்திகை எதைப் பழக்குகிறதோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். தவறான இடத்துக்குப் போகப் பழக்கினால் அங்கேதான் போவார்கள். பள்ளிகளில் நிலநடுக்கப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பதைப் பற்றி யோசிக்கிற எவரும் முதலில் இதை எதிர்கொள்ள வேண்டும்.

ஊரும் அதன் கடலும்

காமாயிஷி இருக்கும் சான்ரிக்குக் கரை பல் பல்லாக வெட்டுப்பட்ட கரை. விரிகுடாக்கள் உள்ளே போகப் போகக் குறுகுவதால், வரும் அலை நெருக்கப்பட்டு உயர்கிறது. 1896இல் வந்த சுனாமியில் இந்தக் கரை முழுவதும் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். அன்றைய காமாயிஷி ஊரில் பாதிக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அந்த நிலநடுக்கம் கரையில் லேசாகத்தான் உணரப்பட்டது. பெரிதாக ஆடவில்லை என்று மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இவ்வளவு அடி வாங்கிய ஊர் எச்சரிக்கையாகத்தானே இருந்திருக்கும் என்று தோன்றும். 2000களில் அப்படி இல்லை. காமாயிஷி விரிகுடாவின் வாயில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய பெரிய அலைத் தடுப்புச் சுவர் 2009இல் முடிந்தது. உலகிலேயே மிக ஆழமான அலைத் தடுப்பு என்று கின்னஸ் பதிவும் பெற்றது. அதோடு சுனாமி எச்சரிக்கை வருவதும் சில பத்து சென்டிமீட்டர் அலையோடு முடிவதும் பலமுறை நடந்திருந்தது. எச்சரிக்கை ஒலித்தாலும் வீட்டை விட்டுக் கிளம்புபவர்கள் குறைந்துபோனார்கள்.

இந்த நிலையில்தான் குன்மா பல்கலைக்கழகத்தில் பேரிடர்ச் சமூகப் பொறியியல் பேராசிரியராக இருந்த தோஷிதக்கா கத்தாதா காமாயிஷிக்கு வந்தார். முதலில் பெரியவர்களுக்குக் கூட்டம் போட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏற்கெனவே அக்கறையுள்ள அதே முகங்கள்தான் வந்தன. யாரிடம் பேச வேண்டுமோ அவர்கள் வருவதில்லை. சரி, பள்ளிக்குப் போவோம் என்று திரும்பினார். பத்து ஆண்டில் இந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆவார்கள், இன்னொரு பத்து ஆண்டில் பெற்றோர் ஆவார்கள் என்பது அவருடைய கணக்கு. அதற்கு அவர் எதிர்பார்த்த காலம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் நிஜமாகவே கடல் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போன தாள்

கத்தாதா பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தபோது அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்: பெரிய சுவர் கட்டியாயிற்று, தாத்தாவும் ஓடமாட்டார், அப்பாவும் ஓடமாட்டார், பிறகு நான் ஏன் ஓட வேண்டும்? பிள்ளைகள் பாடப் புத்தகத்திலிருந்து கற்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆபத்து என்று வந்தால் அவர்கள் கற்பது வீட்டிலிருக்கும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்து.

அதனால் அவர் ஒரு எளிய காரியம் செய்தார். பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தார். நீ வீட்டில் தனியாக இருக்கிறாய், பெரிய நிலநடுக்கம் வருகிறது, என்ன செய்வாய்? இதுதான் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் எழுதிய பதில் இரண்டு வகை. அம்மாவுக்குப் போன் செய்வேன். அம்மா அப்பா வரும்வரை வீட்டிலேயே காத்திருப்பேன். எந்த ஊரில் கேட்டாலும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். நல்ல பிள்ளைகளின் பதில் அது.

அந்தத் தாளை அவர் திருத்தவில்லை, மதிப்பெண் போடவில்லை. அப்படியே பெற்றோரிடம் அனுப்பி, இந்தப் பதிலைப் பாருங்கள், சுனாமி வந்தால் உங்கள் பிள்ளை பிழைக்குமா என்று கேட்டார். தன் பிள்ளையின் கையெழுத்தில், "அம்மா வரும்வரை காத்திருப்பேன்" என்று படித்த தாய்க்கு அதற்கு மேல் சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை. இந்த ஆய்வில் நான் பார்த்த எல்லாவற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் தாள்தான். செலவு எதுவும் இல்லை. ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவை அது திறந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. சான்ரிக்குக் கரையில் "சுனாமி தெந்தென்கோ" என்று ஒரு வழக்கு உண்டு. சுனாமி வந்தால் அவரவர் தனித்தனியாக ஓடிவிடுங்கள், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள் என்பது அதன் சாரம். கேட்கக் கல்நெஞ்சம் போலத் தெரியும். பிள்ளையைத் தேடி வீட்டுக்கு ஓடிய தாயும், தாய்க்காகக் காத்திருந்த பிள்ளையும் சேர்ந்தே இறந்த குடும்பங்கள் அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக உண்டு என்பதால் வந்த வழக்கு அது. பிள்ளை கட்டாயம் ஓடிவிடும் என்று தாய் நம்பினால்தான் தாய் தேடி வராமல் இருப்பாள். தாய் ஓடிவிடுவாள் என்று பிள்ளை நம்பினால்தான் பிள்ளை காத்திருக்காது. ஆகவே பள்ளியில் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது. வீட்டில் உட்கார்ந்து, நான் ஓடிவிடுவேன், நீங்களும் என்னைத் தேடி வரக் கூடாது என்று பிள்ளையே சொல்ல வேண்டும். கத்தாதா பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்.

வரைபடத்தை நம்பாதே

அடுத்து அவர் செய்தது ஆசிரியர்களையே கொஞ்சம் அதிரவைத்திருக்கும். சுனாமி அபாய வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். எல்லோரும் செய்வதையே பிள்ளைகளும் செய்தார்கள்: முதலில் தங்கள் வீட்டைத் தேடினார்கள். நிறம் பூசிய பகுதிக்கு வெளியே இருந்தவர்களுக்கு நிம்மதி. அப்போதுதான் அவர், இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று விளக்கினார். இது 1896இல் வந்தது போன்ற அலையை அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கு. அதைவிடப் பெரியது வந்தால்? கடல் இந்தக் கோட்டைப் பார்த்து நிற்குமா?

உனோசுமாயின் இரண்டு பள்ளிகளும் அந்த வரைபடத்தின்படி அபாயப் பகுதிக்கு வெளியேதான் இருந்தன.

அவர் சொல்லிக்கொடுத்த மூன்று விதிகள் பிற்காலத்தில் ஜப்பான் முழுக்கப் பேசப்பட்டன. எதிர்பார்த்து வைத்த கணக்கை நம்பாதே. அந்த நேரத்தில் உன்னால் முடிந்த மிகச் சிறந்ததைச் செய். முதலில் ஓடுகிறவனாக நீ இரு. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆபத்தில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் ஓடுபவன் பயந்தாங்கொள்ளி போலத் தெரிவான். அவன் ஓடினால்தான் மற்றவர்களும் ஓடுவார்கள். முதலில் ஓடுவதுதான் நீ ஊருக்குச் செய்யும் உதவி என்று பதின்மூன்று வயதுப் பையனிடம் சொல்வது பெரிய விஷயம்.

இதையெல்லாம் ஒரு நாள் சொற்பொழிவாக விட்டுவிடவில்லை. நகராட்சியின் கல்வித் துறையும் ஆசிரியர்களும் சேர்ந்து, தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் பாடவாரியாக ஒரு கையேடு தயாரித்தார்கள். சுனாமிக்குத் தனிப் பாடவேளை ஒதுக்கவில்லை. இருக்கிற பாடத்துக்குள்ளேயே அதை வைத்தார்கள். கணக்குப் பாடத்தில் வேகமும் தூரமும் வந்தால் ரயிலுக்குப் பதிலாகச் சுனாமி வரும். நம் ஆசிரியர்களும் நாளையே வகுப்பில் போடக்கூடிய கணக்கு அது. பத்து மீட்டர் ஆழமுள்ள கடலில் அலை விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். நூறு மீட்டரைக் கடக்க உனக்கு எத்தனை விநாடி? அலைக்கு எத்தனை விநாடி? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைப் போட்டுப் பார்த்தால், அலையைக் கண்ணால் கண்ட பிறகு ஓடுவது வீண் என்று தானே கண்டுபிடிக்கும். ஆசிரியர் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் தாங்களே நடந்து பார்த்து, எந்த இடத்தில் நின்றால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகள் வரைபடம் வரைந்தார்கள். கிழக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்கள், வீட்டில் எல்லோரும் தப்பிப் போய்விட்டோம் என்று வாசலில் மாட்டிவைக்கும் பலகைகளைச் செய்து ஊருக்குக் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டும் சேர்ந்தே மேட்டுக்கு ஓடிப் பார்த்தன. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வதும் பழகிப்பார்த்த ஒன்றுதான்.

மார்ச் 11

ஆட்டம் சில நிமிடங்கள் நீடித்தது. மின்சாரம் போனது, பள்ளியின் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வராத நிலையில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் வெளியே வந்து மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிட்டது. எந்தத் தலைமை ஆசிரியருக்கும் பதற்றம் தரும் காட்சி அது. அன்று அதுதான் சரி.

பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அங்கே முதலில் பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். கட்டடம் ஆட்டத்தைத் தாங்கியிருந்தது. வெளியே குளிர். வரைபடத்தின்படி தண்ணீர் அங்கே வராது. கெட்ட முடிவு என்று அந்த நேரத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்புறம் ஜன்னல் வழியே நடுநிலைப் பள்ளி அக்கா அண்ணன்கள் ஓடுவது தெரிந்தது. அதைப் பார்த்து இவர்களும் இறங்கி ஓடினார்கள். சுனாமி போன பிறகு எடுத்த படம் ஒன்றில், அந்தப் பள்ளியின் மூன்றாம் மாடியில் ஒரு கார் செருகிக்கொண்டு நிற்கிறது.

முதலில் அவர்கள் போய்ச் சேர்ந்தது சுமார் 800 மீட்டர் தள்ளி இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். ஒத்திகையில் போய்ப் பழகிய இடம் அது. ஒத்திகை என்றால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இல்லத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் மண் சரிந்துகொண்டிருந்தது. இப்படி நான் பார்த்ததே இல்லை, இங்கே நிற்காதீர்கள் என்று அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் சொன்னார். இன்னும் மேலே போகலாம் என்று முடிவானது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் குழந்தைகள் காப்பகத்துச் சிறுவர்களைத் தூக்கவும் வண்டியில் தள்ளவும் உதவினார்கள். அடுத்த இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில், முதலில் நின்ற முதியோர் இல்லத்தைத் தண்ணீர் எட்டிவிட்டது. அலை கிட்டே வருவதைக் கண்டு இன்னும் மேலே, மலைக் கணவாய்ச் சாலை வரை ஓடினார்கள்.

இதற்கிடையில் அரசு என்ன சொல்லிக்கொண்டிருந்தது? ஜப்பான் வானிலை ஆய்வு மையம் நிலநடுக்கத்தை முதலில் 7.9 என்று மதிப்பிட்டது. இவாத்தே மாகாணத்துக்கு அறிவித்த அலை உயரம் 3 மீட்டர். 3:14க்கு அது 6 மீட்டர் ஆனது. 3:30க்குப் பிறகு 10 மீட்டருக்கு மேல் ஆனது. மின்சாரம் போன ஊரில் முதல் எண் மட்டுமே பலர் காதில் விழுந்தது. பெரிய சுவர் இருக்கும் ஊரில் 3 மீட்டர் என்றால் ஓடத் தேவையில்லை என்று தோன்றத்தானே செய்யும். அதிகாரிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூன்று நிமிடத்துக்குள் எச்சரிக்கை கொடுத்தது சாதனைதான். ஆனால் அந்த எண்ணைக் கேட்டு நிற்காமல் ஓடக் கற்றிருந்த பிள்ளைகளுக்கு அந்த எண் தேவைப்படவில்லை.

காமாயிஷியில் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். நகரின் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரில் இறந்தவர்கள் 5 பேர். அந்த ஐந்து பேரும் அந்த நேரத்தில் பள்ளியின் பொறுப்பில் இல்லாதவர்கள். உனோசுமாய் தொடக்கப் பள்ளியின் அலுவலகப் பணியாளர் ஒருவரும் பள்ளியோடு போய்விட்டார்.

வசதியான ஒத்திகை

இப்போது அந்தப் பேரிடர் தடுப்பு மையத்துக்குத் திரும்புவோம். சுனாமி வந்தால் உடனே ஓட வேண்டிய இடமாக நகராட்சி அதைக் குறிக்கவே இல்லை. சுனாமி அடங்கிய பிறகு வீடிழந்தவர்கள் தங்குவதற்கான இடம் அது. குறிக்கப்பட்ட இடங்கள் கோயில்களை ஒட்டிய மேடுகளில் இருந்தன. வயதானவர்களால் மேடு ஏற முடியவில்லை. ஒத்திகைக்கு வருபவர்கள் எண்ணிக்கை குறைந்தது. ஒத்திகைக்கு மட்டும் மையத்தில் கூடிக்கொள்கிறோம் என்றார்கள், நகராட்சியும் விட்டுவிட்டது. நிறையப் பேர் வந்தார்கள். ஒத்திகை வெற்றி என்று எல்லோருக்கும் திருப்தி.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முதியவர்கள் மேல் இருந்த இரக்கத்தில் எடுத்த முடிவு அது. கட்டடத்தின் பெயரிலேயே "பேரிடர் தடுப்பு" இருந்ததும் நம்பிக்கையைக் கூட்டியிருக்கும். ஒத்திகைக்கு ஓர் இடம், நிஜத்துக்கு ஓர் இடம் என்று மனிதக் கால்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. கால் பழகிய இடத்துக்குப் போகும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி ஒத்திகையை மதிப்பிடும் எல்லா அலுவலகங்களும் இந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் எண்ணிக்கையை உயர்த்த ஒத்திகையை எளிதாக்கினால், அது ஒத்திகையே நடத்தாததைவிட மோசமாகலாம். ஒத்திகை நடத்தாதவனுக்காவது சந்தேகம் மிச்சம் இருக்கும்.

பள்ளி விட்ட பிறகு

உனோசுமாய்ப் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள், ஆசிரியர்களும் கூட இருந்தார்கள். நகரின் மையத்தில் இருந்த காமாயிஷி தொடக்கப் பள்ளியின் கதை வேறு. அன்று அங்கே வகுப்புகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. 184 பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலோ, தெருவிலோ, நண்பன் வீட்டிலோ, கடலோரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டோ இருந்தார்கள். ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லை. 184 பேரும் பிழைத்தார்கள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்ற பாட்டியை அழுது அடம்பிடித்துக் கிளப்பிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

அந்தப் பள்ளியில் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒத்திகை நடத்தியிருந்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். பாதியில் எச்சரிக்கை ஒலிக்கும். நிற்கிற இடத்திலிருந்து எந்த மேடு பக்கமோ அங்கே ஓட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் விடை வேறு.

தமிழ்நாட்டில் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே நிகழ்ந்த ஆட்டம் சென்னையில்கூட உணரப்பட்டது. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளிகள் மூடியிருந்தன, பிள்ளைகள் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் தாய்லாந்தின் பூக்கெட் தீவில், இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்த பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்து வித்தியாசமாக நடந்துகொள்வதைக் கண்டு பெற்றோரை நச்சரித்துக் கடற்கரையையே காலி செய்யவைத்தாள். பள்ளி வளாகத்துக்குள் மணி அடித்தால் மைதானத்தில் வரிசையாக நிற்பது மட்டும்தான் பாடம் என்றால், அந்தப் பாடம் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது.

ஓக்காவா

காமாயிஷிக்குத் தெற்கே, மியாகி மாகாணத்தின் இஷினோமாக்கி நகரில் ஓக்காவா தொடக்கப் பள்ளி. கித்தகாமி ஆற்றங்கரையில், கடலிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்தது. இங்கும் வரைபடத்தின்படி தண்ணீர் வராது. அந்தப் பள்ளியே அந்தப் பகுதி மக்களுக்குப் புகலிடமாகக் குறிக்கப்பட்டிருந்தது.

ஆட்டம் நின்றதும் பிள்ளைகளை ஒழுங்காக மைதானத்தில் கூட்டினார்கள். தலை எண்ணினார்கள். அங்கேயே சுமார் 50 நிமிடம் நின்றார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. பாடத்துக்காகப் பிள்ளைகள் காளான் வளர்த்த சரிவு அது. ஏறத் தெரியாத இடமல்ல. மலைக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்தது. சரிவில் மரம் விழுமோ, மண் சரியுமோ என்ற பயமும் எழுந்தது. தலைமை ஆசிரியர் அன்று ஊரில் இல்லை. கடைசியில் பாலத்தருகே இருந்த சற்று உயரமான இடத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் ஆறு வழியாக ஏறி வந்த அலை அடித்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

அந்த ஆசிரியர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது எளிது. அவர்களும் பிள்ளைகளோடுதான் போனார்கள். பள்ளியின் பேரிடர்க் கையேட்டில் சுனாமி வந்தால் போக வேண்டிய இடம் "பக்கத்துக் காலி மனை அல்லது பூங்கா" என்ற அளவில்தான் எழுதியிருந்தது. அப்படி ஓர் இடம் அங்கே இல்லை. எழுதியவர்கள் நடந்து பார்த்து எழுதவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

இறந்த 23 பிள்ளைகளின் குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். 2018 ஏப்ரலில் செண்டாய் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, அன்றைய 50 நிமிடத்தைத் தாண்டிப் பின்னால் போனது. பள்ளியும் கல்வி வாரியமும் 2010 ஏப்ரல் இறுதிக்குள் கையேட்டைத் திருத்தி, போக வேண்டிய மேட்டையும் வழியையும் எழுதியிருக்க வேண்டும் என்றது. அபாய வரைபடத்தை அப்படியே ஏற்காமல், தங்கள் பள்ளியின் இடத்தை வைத்து அதைக் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டியது பள்ளியின் கடமை என்றும் சொன்னது. சுமார் 143 கோடி யென் இழப்பீடு. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. கத்தாதா பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் விதி, நீதிமன்றத்தின் வழியாக ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடமையாகிவிட்டது.

முதலில் கட்டடம்

இவ்வளவு நேரம் அலையைப் பற்றியே பேசினேன். காரணம், உனோசுமாயிலும் ஓக்காவாவிலும் ஆட்டத்தைக் கட்டடங்கள் தாங்கிவிட்டன. அது நடக்காத ஊரில் வேறு எந்தப் பாடமும் தொடங்கவே முடியாது. 2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் வந்த நிலநடுக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. பலர் பள்ளிக் கட்டடத்துக்கு அடியில். அதே மாகாணத்தில் சாங்சாவோ நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் யே ஜிப்பிங், தரமில்லாமல் கட்டிய தன் பள்ளியைப் பல ஆண்டுகள் அலைந்து பணம் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்தினார். 2005இலிருந்து ஒவ்வொரு பருவமும் ஒத்திகை நடத்தினார். எந்த வகுப்பு எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பது வரை. நிலநடுக்கத்தன்று ஆடும்போது பிள்ளைகள் மேசைக்கடியில் இருந்தார்கள்; நின்றதும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் 1 நிமிடம் 36 விநாடியில் வெளியே வந்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. மேசைக்கடியில் ஒளி என்று பிள்ளைக்குச் சொல்வதற்கு முன் மேலே இருக்கும் கூரை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டியவர் பெரியவர்.

இன்னும் தீராத கேள்வி

காமாயிஷியில் நடந்ததை ஊடகங்கள் அதிசயம் என்றன. அப்படிச் சொல்வதை அங்கே பலர் ஏற்கவில்லை. பழகியதைச் செய்தோம் என்பதே அந்த மாணவர்களின் பேச்சு. எனக்கு இரண்டு பக்கமும் தயக்கம் இருக்கிறது. பழகியது உண்மை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியது பக்கத்துப் பள்ளி கண்ணுக்குத் தெரிந்ததால். முதியோர் இல்லத்திலிருந்து நகர்ந்தது மண் சரிந்ததாலும் ஒரு பெண்மணி சொன்னதாலும். பக்கத்தில் நடுநிலைப் பள்ளி இல்லாத ஒரு தொடக்கப் பள்ளியாக இருந்திருந்தால்? தற்செயலின் பங்கை மறைத்துவிட்டு இதை ஒரு செயல்முறையாக மற்ற ஊர்களுக்கு விற்றால், அடுத்த ஊருக்கு நாம் கொடுப்பது இன்னொரு வரைபடம்தான்.

இரண்டு பள்ளிகளும் 2017இல் மேட்டில் கட்டிய புதிய வளாகத்துக்குப் போய்விட்டன. பழைய இடத்தில் எழுந்த விளையாட்டரங்கில் 2019 ரக்பி உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது.

பள்ளிகள் இன்னும் மல்லாடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: பிள்ளையைக் கூட்டிப்போக வாசலுக்கு வந்து நிற்கும் பெற்றோரிடம் என்ன சொல்வது? சுனாமி எச்சரிக்கை விலகும்வரை பிள்ளையை ஒப்படைப்பதில்லை, வந்த பெற்றோரையும் கூடவே மேட்டுக்கு அழைத்துப் போவது என்று 2011க்குப் பிறகு ஜப்பானில் பல பள்ளிகள் விதியை மாற்றின. பெற்றோரோடு தாழ்வான பகுதிக்குத் திரும்பிப் போன பிள்ளைகளை இழந்த அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் ஓக்காவாவில் பெற்றோர் வந்து கூட்டிப்போன பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். பள்ளியை நம்பி விட்ட பிள்ளைகள்தான் போனார்கள். ஒப்படைக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை, எங்கே போகப் போகிறோம் என்பதைப் பெற்றோரோடு முன்கூட்டியே நடந்து பார்த்து முடிவு செய்திருக்கும் பள்ளிக்குத்தான் உண்டு. அதை நிலநடுக்கத்தன்று வாசலில் வைத்துப் பேச முடியாது. ஜூன் மாதம், முதல் பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டும்.